முகூர்த்தத்துக்கு எந்தக் கேமரா?

கேள்வி: கல்யாண போட்டோகிராபராக இறங்கப் போகிறேன். எந்தக் கேமரா வாங்கலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டு கார்டு போடும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. கார்டு பழுதாகிவிட்டது, இன்னொரு தடவை மூன்று முடிச்சுப் போடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? 2018-ல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6 இரண்டிலும் ஒரே கார்டுதான். அதே ஆண்டு வந்த சோனி ஏ7 மூன்றாம் பதிப்பில் இரண்டு. நிக்கானும் 2020-ல் இசட்6 இரண்டாம் பதிப்பில் இரண்டாவது கார்டுக்கு இடம் கொடுத்தது. இந்தக் கடைசி இரண்டில் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

மிச்சப்படும் பணத்தை லென்ஸில் போடுங்கள். எஃப் 2.8 திறப்புள்ள 24-70 ஒன்று இருந்தால் மங்கலான மண்டபத்திலும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த நிறுவனமும் தயாரிக்காத ஒரு கருவி உண்டு: கெட்டிமேளம் கேட்டதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நிற்கும் மாமாக்களை ஊடுருவிப் பார்க்கும் லென்ஸ். அதனால் மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி வரும்போதே மணவறை ஓரம் இடம் பிடித்துவிடுங்கள். வீடியோக்காரரிடம் யார் எந்தப் பக்கம் என்று முன்னிரவே பேசிவிடுங்கள். அட்சதை பறக்கும்போது ஃபோகஸ் அரிசியில் போய் உட்காரும். மணப்பெண்ணின் கண்ணில் நிறுத்திவையுங்கள். பிறகு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குடும்பப் படத்துக்கு வரிசை நிற்க ஆரம்பித்தால் பாயசம் உங்களுக்கு மிஞ்சாது!