விஸ்டா வாங்கிய கெட்ட பெயர்

விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் சின்னதாக ஒரு பெட்டி வரும். அதில் இடப்பக்க ஃபோல்டரிலிருந்து வலப்பக்க ஃபோல்டருக்கு வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாகப் பறந்துபோகும். பெட்டி மறைந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். 2001 அக்டோபரிலிருந்து உலகம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது.

2007 ஜனவரி 30 அன்று விஸ்டா கடைக்கு வந்தது. பறக்கும் தாள் போய்ப் பச்சைப் பட்டை வந்தது. கூடவே, மீதி நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதாக ஒரு வரி. நாலு போட்டோவை நகர்த்தச் சொன்னாலும் விஸ்டா முதலில் உட்கார்ந்து கணக்குப் போடும். அது கணக்கை முடிப்பதற்குள் எக்ஸ்பிக்காரர் காப்பியை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக இரண்டையும் ஒப்பிடுகிற ஒரு கூட்டமே அப்போது கிளம்பியது.

என்ன நடக்கிறது என்று 2008 பிப்ரவரியில் பிட்டுப்பிட்டு வைத்தவர் மார்க் ருஸினோவிச். விண்டோஸின் உள்வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பதில் பெயர் வாங்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர். எக்ஸ்பி என்ன செய்யும் என்றால், ஃபைலை ராமில் இருக்கும் கேஷில் கொட்டிவிட்டுப் பெட்டியை மூடிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் வேலை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். 'முடிஞ்சிடுச்சு சார், காஜா மட்டும்தான் பாக்கி' என்கிற தையல்காரர் மாதிரி. விஸ்டாவோ கேஷை ஒதுக்கிவிட்டு நேராக டிஸ்க்கில் எழுதியது. கடைசி பைட் போய்ச் சேரும்வரை பெட்டியை மூடாது. நிஜமாகவே அது பின்தங்கிய இடங்களும் உண்டு. ஆனால் பல காப்பிகளில் அது செய்த ஒரே குற்றம் உண்மையைச் சொன்னதுதான். சர்வீஸ் பேக் 1-இல் மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் பழைய கேஷ் வழிக்கே திரும்பியது. வேகம் கூடிவிட்டது என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்காக விஸ்டாவை அப்பாவி என்று விட்டுவிடவும் முடியாது.

எக்ஸ்பி கேட்டது குறைந்தபட்சம் 64 எம்பி ராம். விஸ்டா கேட்டது 512 எம்பி. கண்ணாடி போல ஜொலிக்கும் ஏரோ முகப்பும் வேண்டுமென்றால் 1 ஜிபி. இவ்வளவு தீனி கேட்கிற ஒன்றைப் பழைய கம்ப்யூட்டரில் கட்டினால் என்ன ஆகும்? ஆனால் விஸ்டா வருவதற்கு முன்பே, இதில் விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கம்ப்யூட்டர்களை விற்றிருந்தார்கள். இன்டெலின் 915 சிப்செட் போட்ட, ஏரோ ஓடாத கம்ப்யூட்டருக்கும் அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. விவகாரம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனபோது மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அவற்றில் சிகரம், நிறுவனத்தின் துணைத் தலைவர் மைக் நாஷ் எழுதியது. ஸ்டிக்கரை நம்பி 2,100 டாலர் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினாராம். அது இப்போது மெயில் பார்க்க மட்டும்தான் உதவுகிறதாம். சொந்தக் கடைச் சரக்கை வாங்கி ஏமாந்த முதலாளி வர்க்கத்தைப் பார்ப்பது அபூர்வம்.

பாட்டு விஷயம் இன்னும் அழகு. விஸ்டாவில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு நெட்வொர்க்கில் பெரிய ஃபைலை அனுப்பினால் வேகம் படுத்துவிடும். பாட்டை நிறுத்தினால் எழுந்து உட்காரும். 2007 ஆகஸ்டில் இது பெரிய பேச்சானது. பாட்டு திக்காமல் ஓட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், ஒலி ஓடும்போது மில்லிசெகண்டுக்கு 10 நெட்வொர்க் பாக்கெட்டுக்கு மேல் கையாளாதே என்று யாரோ உள்ளே கட்டளை எழுதியிருந்தார்கள். சாதாரண இணைப்பில் தெரியாது. ஜிகாபிட் கார்டு வைத்திருந்தவர், வேலை வேண்டுமா இளையராஜா வேண்டுமா என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

டெல் நிறுவனம் 2007 ஏப்ரலிலேயே வீட்டுக் கம்ப்யூட்டர்களில் எக்ஸ்பியை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. விஸ்டாவை எடுத்துவிட்டு எக்ஸ்பி போட்டுக்கொள்ளும் உரிமை விஸ்டா பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளுக்குத்தான் இருந்தது. அதாவது, பழசுக்குப் போக வேண்டுமானால் புதுசில் விலை கூடியதை வாங்க வேண்டும்.

ஒப்பிட்டவர்கள் அளக்காமல் விட்ட ஒன்றும் உண்டு. எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலுக்குப் போய் மொழிப் பகுதியைத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்கான கட்டத்தில் டிக் அடித்து, சிடியைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், அல்லது வெறும் கட்டங்கள். விஸ்டாவில் திறந்ததுமே தமிழ் தமிழாக இருந்தது. சிடியைத் தேடிப் பீரோவைக் குடைந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் இந்தப் பந்தயத்தில் எக்ஸ்பி தோற்றிருக்கும்.

2008-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வேலை செய்தது. விஸ்டா மோசம் என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு, 'மொஹாவே' என்று ஒரு புதிய விண்டோஸ் வரப்போகிறது என்று ஓட்டிக் காட்டியது. பிரமாதம் என்றார்கள். அது விஸ்டாதான் என்று பிறகு சொன்னதும் முழித்தார்கள். நம்மைக் கேட்டால் இது முழு நியாயமான பரீட்சை இல்லை. விஸ்டாவுக்கேற்ற டிரைவர் அமையாத அவரவர் வீட்டுப் பழைய பிரிண்டரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் சங்கதி வேறு மாதிரி போயிருக்கும்.

2009 அக்டோபர் 22-இல் விண்டோஸ் 7 வந்தது. கேட்ட ராம், ஏரோவுக்கு விஸ்டா கேட்ட அதே 1 ஜிபி. திரையில் திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் விஸ்டா மெமரியில் இரண்டு பிரதி வைத்திருந்தது. 7, புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் இருந்தால், ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. இடைப்பட்ட இரண்டே முக்கால் வருடத்தில் டிரைவர்களும் திருந்தியிருந்தன, கம்ப்யூட்டர்களும் வளர்ந்திருந்தன. எல்லாப் புகழும் 7-க்குப் போனது. உள்ளே அதன் பதிப்பு எண்ணைப் பார்த்தால் 6.1. விஸ்டாவின் எண் 6.0.

கம்ப்யூட்டருக்கு மார்க் போடும் பழக்கமும் விஸ்டாவோடு வந்ததுதான். பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக மார்க் போட்டு, இருப்பதிலேயே குறைந்ததை மொத்த மார்க்காக அறிவிக்கும். விஸ்டாவில் உச்சம் 5.9. விண்டோஸ் 7-இல் அதை 7.9 ஆக்கினார்கள். ஆனால் சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் எவ்வளவு ஓடினாலும் 5.9-ஐத் தாண்டாது. கடன் வாங்கிக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டவரும் 5.9 என்றே பார்த்துக்கொண்டிருந்தார். 2013-இல் வந்த 8.1-இல் மார்க் பலகையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அளக்கிற நிரலை மட்டும் உள்ளேயே விட்டுவைத்தார்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் வின்சாட் ஃபார்மல் என்று அடித்தால் அது மறுபடி மார்க் போட உட்கார்ந்துவிடும்.