ஆறு கட்டில் சூரியன்

ஜோத்பூரில் சொந்த வீடு இருக்கிறது, மொட்டைமாடி சும்மா காய்கிறது, சோலார் போடலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். எத்தனை கிலோவாட் என்பதுதான் பாக்கி. இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், அவசரமில்லை, இந்தத் தெருவில் யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. வங்கி மாற்றலில் இங்கே வந்து ஒரு ராஜபுத்திரர் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருப்பவன் நான். மதராசிக்குக் கணக்கு வரும் என்பது இந்த ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் வீட்டுக்காரர் சோலார் போட்டபோது என்னையும் மேலே கூட்டிப்போய் வெயிலில் நிறுத்திவிட்டார். அங்கே நின்று கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

முதலில், கரண்ட் பில்லை எடுக்காதீர்கள். பன்னிரண்டு மாத பில்லைத் தேடிப் பிடித்தால் மே மாதம் 450 யூனிட், ஜனவரியில் 120 என்று ஏதாவது உண்மை வெளியே வந்து தொலைக்கும். அதற்குப் பதில் எதிர்வீட்டு மாடியில் எத்தனை பேனல் என்று எண்ணுங்கள். அவர்கள் 3 கிலோவாட் என்றால் நீங்கள் 5. எங்கள் தெருவில் இந்த முறைப்படி ஏறிக்கொண்டே போய், கடைசி வீட்டில் 8 கிலோவாட் நிற்கிறது. அந்த வீட்டில் இருப்பது ஒரு வயதான தம்பதியும் இரண்டு மின்விசிறியும்.

எதிர்வீடு இல்லாதவர்கள் மானியத்தைப் பார்த்து அளவெடுக்கலாம். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எத்தனை போட்டாலும் 78,000. கை மூன்றில் போய் நிற்பது மனித இயல்பு. கல்யாண வீட்டில் பசி பார்த்தா சாப்பிடுகிறோம்? இலையில் விழுவதைப் பார்த்துத்தான்.

இனி வெயில். இங்கேதான் நம் ஆட்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள். "ஜோத்பூர் வெயிலுக்குப் பாதி பேனல் போதும் சார்" என்று சொன்னவர் சோலார் விற்க வந்த பையன் அல்ல, என் மச்சான், திருச்சியிலிருந்து, போனில். நாற்பத்தைந்து டிகிரியில் பேனல் பொங்கி வழியும் என்று அவர் நினைப்பு. நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், சௌகரியம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அதற்கு ஆகாது என்ற விஷயத்தை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சொல்பவர் இப்படித்தான் சொல்வார். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் 550 வாட் என்ற எண், செல்லை 25 டிகிரியில் வைத்து, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் அடித்து, சோதனைச் சாலையில் எழுதியது. உச்சி வெயிலில் செல்லின் சூடு காற்றைவிட ஏறக்குறைய 30 டிகிரி கூடுதலாக இருக்கும். காற்று 42 என்றால் செல் 72. 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உதிரும். நாற்பத்தேழு டிகிரி ஏறினால் பதினாறு சதவீதத்துக்கு மேல் போச்சு; 550 வாங்கினோம், 460 வந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பலோடி என்று ஓர் ஊர். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி பதிவாகி, இந்தியாவின் உச்ச வெப்பம் என்று பேப்பரில் எல்லாம் வந்தது. அன்று மதியம் அங்கே ஒரு பேனல் இருந்திருந்தால் தன் பேருக்கு ஐந்தில் ஒரு பங்கைத் தானம் பண்ணிவிட்டுத்தான் வேலை பார்த்திருக்கும்.

மார்ச் மாதத்தில் வானம் தெளிவாக, காற்று இதமாக இருக்கும் ஒரு பகலில் அதே பேனல் துள்ளுகிறது. ஆனால் மார்ச்சில் யாரும் ஏ.சி. போடுவதில்லை.

வாங்கும்போதே அந்த 0.35 என்ற எண்ணைக் கேட்டு, அது சிறியதாக இருக்கும் ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்தான். 0.25 அளவில் சில ரகங்கள் கிடைக்கின்றன, விலை கூடுதல். நாங்கள் அதைக் கேட்டோம். விற்க வந்த பையன் பேனலின் ஓரத்து வெள்ளிச் சட்டத்தைத் தட்டிக் காட்டி, "உக்கம்" என்று மரியாதையாக விளித்து, "சத்தத்தைக் கேளுங்கள், எவ்வளவு கெட்டி" என்றான். வீட்டுக்காரர் திருப்தியடைந்தார்.

அடுத்து, வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியல். இதையும் எழுத வேண்டாம். எழுதினால் ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஒன்றரை கிலோவாட் வரை இழுக்கிறது, கூடத்தில் இருக்கும் தகரக் கூலர் 200 வாட்டோடு நின்றுவிடுகிறது என்று தெரிந்து மனம் சங்கடப்படும். மே மாத வறண்ட காற்றில் அந்தக் கூலர், வைக்கோல் தட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஏ.சி.க்குச் சமமாகக் குளிர்விக்கும். ஜூலையில் மழைக்காற்று வந்து ஈரம் ஏறியதும் அதே கூலர் வீட்டை இட்லிக் கொப்பரையாக்கிவிடும். ஆக ஏ.சி. நிஜமாகத் தேவைப்படுவது ஜூலை, ஆகஸ்டில். வானத்தில் மேகமும் அப்போதுதான். இதையெல்லாம் யோசித்தால் 2 கிலோவாட்டே அதிகம் என்று படும். யோசிக்காதீர்கள்.

திசை பற்றி. ஜோத்பூர் 26 பாகையில் இருப்பதால் தெற்கு நோக்கி ஏறத்தாழ அதே அளவு சாய்த்தால் வருஷம் முழுவதற்கும் நல்லது. எங்கள் வீட்டுக்குத் தெற்கே பின்சந்து. பேனலை அங்கே திருப்பினால் யார் பார்ப்பது? வீட்டுக்காரர் வடக்கே தெருப்பக்கம் திருப்பச் சொன்னார், மெஹ்ரான்கட் கோட்டையும் அந்தப் பக்கம்தான், மங்களகரமாக இருக்கும் என்றார். இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் வாயைத் திறந்தேன். கோட்டையிலிருந்து மின்சாரம் வராது என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தெற்கே திரும்பியது.

கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் பேனலுக்குத் தெற்கிலேயே விட்டுவைத்தோம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து ஓடும்போது தொட்டியின் நிழல் காலையில் ஒரு பேனல் மேல் படுத்துக்கொள்கிறது. எல்லாம் ஒரே சரத்தில் கோத்திருப்பதால் ஒன்று தூங்கினால் மற்றதும் தள்ளாடுகிறது. தொட்டியை நகர்த்தப் பிளம்பர் 4,000 கேட்டார். வீட்டுக்காரர் அதற்குப் பதில் இன்னொரு பேனல் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

புழுதி. இங்கே ஆந்தி என்பார்கள். மே மாதச் சாயங்காலம் மேற்கே வானம் செம்மண் சுவராக எழுந்து வரும். அரைமணி நேரத்தில் வாயில், டீயில், பீரோவுக்குள் மடித்த வேட்டியில் எல்லாம் மணல். மறுநாள் பேனலைப் பார்த்தால் சப்பாத்திக்கு மாவு தூவிய பலகை. துடைக்காவிட்டால் வாரா வாரம் உற்பத்தி இறங்கும். துடைப்பதற்குச் சரியான நேரம் உச்சிப்பகல்: கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை வாளியோடு வீசினால் கண்ணாடி விரிசல் விடுகிறதா என்று உடனே தெரிந்துகொள்ளலாம். போர் தண்ணீராக இருந்தால் இன்னும் விசேஷம். காய்ந்ததும் உப்பு வெள்ளைக் கோலம் போட்டு அங்கேயே தங்கிவிடும். பட்லாவில், பலோடிப் பக்கம் பாலைவனத்தில் 2,245 மெகாவாட்டுக்குப் பரந்து கிடக்கும் சோலார் பூங்காவில், தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தூரிகையால் துடைக்கும் எந்திரங்களை ஓடவிடுகிறார்கள். நம் வீட்டில் அதே வேலையை விடியற்காலையில் ஒரு நீளக் கம்புத் துடைப்பான் செய்யும். ஆனால் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டுமே.

தண்ணீர் என்றதும் ஒன்று. நெய் கொட்டினால் எனக்கு ஒன்றும் போகவில்லை, தண்ணீர் கொட்டினால் உயிர் எரிகிறது என்பது மார்வாடிப் பழமொழி. வீட்டுக்காரரின் தாயார், எல்லோருக்கும் தாதிசா, பேனலைக் கழுவ முதல்நாள் வாளியைத் தூக்கியவனிடம் அதைச் சொல்லித்தான் வாளியைப் பிடுங்கினார். கீழே வேப்பங்கன்று இருக்கிறது, கழுவிய தண்ணீர் அதன் காலில் விழுகிற மாதிரி குழாய் வைத்தால் கழுவிக்கொள் என்றார். குழாய் வைத்தோம்.

இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது? மேற்குச் சுவரில், வெயில் நேராக விழுகிற இடத்தில். அதுவும் சூடு தாங்காமல் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பாவம். பேட்டரி வாங்குபவர்கள் ஈய அமில பேட்டரியைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்கலாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால் புதுசு புதுசாக வாங்கிக்கொண்டே இருக்கலாம்.

பேட்டரி இல்லாமல், மிஞ்சும் மின்சாரத்தைத் தெருக் கம்பிக்கு அனுப்பிக் கணக்கு வைக்கும் நெட் மீட்டரோடு போட்டவர்களுக்கு வேறொரு பாக்கியம். ஜூன் மாதம், மதியம் இரண்டு மணி, தலைக்கு மேல் மூன்று கிலோவாட் சூரியன், திடீரென்று தெருவில் கரண்ட் போகிறது. நம் வீட்டிலும் போகிறது. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் மின்சாரம் பாயக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். அது சரியான ஏற்பாடு. இதை வீட்டுக்காரருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று அவர் மாடியேறிப் பேனலைத் தொட்டுப் பார்த்து, கை சுட்டு, இறங்கி வந்து, "சூரியன் இருக்கிறதே!" என்று என்னைக் கேட்டார். மதராசி பதில் சொல்ல வேண்டும் என்று.

சரி, அந்தக் கணக்கு. பன்னிரண்டு பில்லையும் கூட்டினால் எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 3,300 யூனிட், நாளுக்கு ஒன்பது. இந்த ஊரில் 1 கிலோவாட், சூடும் புழுதியும் தின்றது போக, வருஷ சராசரியாக நாளுக்கு 4 யூனிட்டுக்குக் குறையாது. ஒன்பதை நாலால் வகுத்தால் இரண்டே கால். பேனல் வருஷா வருஷம் கொஞ்சம் கிழடு தட்டும் என்று சேர்த்துக்கொண்டால் இரண்டரை. கோடையில் போதாது, குளிர்காலத்தில் மிஞ்சும். மிச்சத்தை ஏராளமாக அனுப்பினால் பணம் கொட்டும் என்ற கனவு வேண்டாம். வாங்கும் விலையைவிட விற்கும் விலை குறைவு.

நாங்கள் போட்டது 3.3. அது எப்படி வந்தது என்று கேட்டால், கணக்கு என்னுடையதல்ல, எதிர்வீட்டினுடையதும் அல்ல. தாதிசா ஒப்புக்கொண்டால்தான் மொட்டைமாடி. சங்ரிக் காயும் கேர்க் காயும் அப்பளமும் உலர்த்துவது அங்கே. கோடை இரவில் குடும்பம் கட்டில் போட்டுப் படுப்பதும் அங்கே. பையன் ஒன்றரை அடி உயரத்தில் சட்டம் போட்டுத் தருகிறேன் என்றான். தாதிசா தலையில் முக்காட்டோடு நிமிர்ந்து நின்று, கையை மேலே தூக்கி, இந்த உயரம் என்றார். எட்டடி. கூடுதல் இரும்புக்குக் கூடுதல் காசு, ஆந்தியில் பறக்காமல் அடியில் தடிமனான காங்கிரீட் வேறு. பையன் முகம் சுருங்கியது.

பேனல் வந்து இறங்கியபோது அவர் தன் கயிற்றுக் கட்டிலை அதன் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டார். ஒரு பேனல் ஏழரை அடி நீளம், மூணே முக்கால் அடி அகலம். கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிசு. வீட்டில் ஆறு பேர். ஆறு போடு என்றார்.

எட்டடி உயரம் வைத்ததில் அடியில் காற்று ஓடுகிறது, பேனல் சற்றே ஆறுகிறது. நிழல் விழுவதால் நேர் கீழே இருக்கும் என் அறையில் ஏ.சி. முன்னைவிடக் குறைவாக ஓடுகிறது. காலை எட்டு மணிக்கு தாதிசா அந்த நிழலில் கட்டிலில் உட்கார்ந்து சங்ரி ஆய்கிறார். இரவில் மட்டும் பேனலுக்கு வெளியே கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், நட்சத்திரம் தெரியவில்லையாம். அந்தப் பையன் இப்போது புது வாடிக்கையாளர்களைப் பார்க்கக் கூட்டிவருகிறான். "ஐந்து கிலோவாட் போடலாமா, தாதிசா?" என்று அவர்கள் கேட்டால், அவர் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்கிறார்.