கேள்வி ஞானத்தில் ஒரு கிட்டார்

கேள்வி: குரு இல்லாமல் ஜாஸ் கிட்டார் கற்று, அதை வாசித்தே காலம் தள்ள முடியுமா?
– வாசகர், நன்னிலம்

பதில்: கார்ல்டன் கிட்டோ தள்ளிக் காட்டினாரே! பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சங்கதியாக விரலுக்குக் கொண்டுவந்தார். 1970களில் கல்கத்தா, பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் வாசிப்பு. ராக் வந்தது, டிஸ்கோ வந்தது. பலர் மாறினார்கள், இவர் பீபாப் என்ற ஜாஸ் பாணியை விடவேயில்லை. கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2016இல் மறைந்தார். அவரைப் பற்றி 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படம் உண்டு, அவசியம் பாருங்கள். மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு, தாளம் தப்பாமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் ஜாஸ். கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த உங்கள் காதுக்கு அது ஒட்டாமல் போகுமா? கிட்டார் வாங்கியாச்சா?