கிணற்று வீட்டுப் பெரியம்மா

கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர்ப் பக்கம் நாங்கள் குடிவந்தது 1972-ல். எங்கள் தெருவில் அப்போது பதினோரு வீடுகள். கிணறு இருந்தது ஒரே ஒரு வீட்டில். விடியற்காலையில் அந்தக் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து கடற்கரைக்குப் புறப்படும் மீட்டர் கேஜ் மின்சார ரயிலின் ஊதலும் கேட்டுத்தான் எங்களுக்குப் பொழுது விடியும். அந்த வீட்டு அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பேர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அவர் கிணற்று வீட்டுப் பெரியம்மாதான். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், முகம் வந்துவிடும்.

கிணறு அவருடையது, தண்ணீர் தெருவுக்கே பொது. ஆனால் அவர் வைத்ததுதான் சட்டம். கிணற்றடியில் சோப்பு போடக் கூடாது. துணி துவைக்கும் கல் கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளிக் கிடக்கும். வாளியைத் தரையில் வைத்த ஈரத்தோடு கிணற்றுக்குள் விடக் கூடாது, அடியைக் கழுவிவிட்டுத்தான் விட வேண்டும். பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் தேங்காய் நாரும். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு, வாழை குடித்து மிஞ்சியது கனகாம்பரப் பாத்திக்கு. ஒரு வாளித் தண்ணீர் மூன்று வேலை பார்த்த பிறகுதான் மண்ணுக்குள் போகும். ஒருநாள் நான் அவசரத்தில் கால் கழுவிய தண்ணீரைக் கிணற்றுத் திட்டின் ஓரமாகவே கொட்டிவிட்டேன். பெரியம்மா சத்தம் போடவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, "தண்ணிக்குக் கால் இருக்குடா தம்பி. இங்க கொட்டினா அங்க போய் நிக்கும்" என்று கிணற்றுக்குள் கையைக் காட்டினார். நிலத்தடி நீர் மாசு பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி எதுவும் எனக்குப் புதிதாகப் படவில்லை.

கார்த்திகையில் அந்தக் கிணற்றில் குனிந்து சொம்பால் மொள்ளலாம். தை, மாசி என்று போகப் போகத் தாம்புக்கயிறு கை கையாய் நீளும். சித்திரை வந்தால் பன்னிரண்டு கை. கயிற்றில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தே எந்த மாதம் என்று சொல்லிவிடுவோம். இன்றைக்கு என் பேரனிடம் நம் வீட்டுப் போர் எத்தனை அடி என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கும் சந்தேகம்தான். சுவிட்சைப் போட்டால் தொட்டி நிறைகிறது. அது நிறையாத நாளில்தான் பூமிக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்ற நினைப்பே நமக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா என்னை ஏரிக்கரைக்கு நடத்திக் கூட்டிப்போவார். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வதன் அர்த்தம் அந்த நடையில்தான் புரிந்தது. சிட்லபாக்கம் ஏரியும் ராஜகீழ்ப்பாக்கம் ஏரியும் நிறைந்தால் மிச்சம் செம்பாக்கத்துக்கு, செம்பாக்கம் நிறைந்தால் நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்; அதுவும் நிறைந்தால் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி. ஒரு வீட்டில் பொங்கிய பாலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல ஏரிகள் தண்ணீரைக் கைமாற்றிக்கொண்டிருந்தன. ரயில் பாதைக்கு மேற்கே பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர் எல்லாம் அடையாற்றின் சொந்தக்காரர்கள். "கலங்கல் பாயுதாம்!" என்று யாராவது ஒரு பையன் கத்திக்கொண்டு ஓடினால் போதும், பள்ளிக்கூடம் விட்ட கூட்டம் முழுக்க ஏரிக்கு ஓடும். எதிர்நீச்சல் போட்டு ஏறும் கெளுத்தியை வேட்டித் துண்டால் வாரிப் பிடித்த அந்தச் சந்தோஷத்தை, அதற்குப் பின் நான் சம்பாதித்த எந்தக் காசும் வாங்கித் தரவில்லை.

தண்ணீரைக் காத்த அதே பெரியம்மாதான் எங்கள் தெருவில் நெருப்பையும் காத்தார். தெருவுக்குப் பின்னால் அப்போது புதர்க்காடு. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த இடமும் அப்படிப்பட்ட காடுதான். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் மரம் மரமாக வளர்த்துக் காத்த அந்த வளாகத்தில் இன்றும் புள்ளிமான் மேய்கிறது. எங்கள் பக்கத்துக் காடோ மனைகளாகிவிட்டது. களாக்காய், சூரைப்பழம், காரைப்பழம் என்று எங்கள் கால்சட்டைப் பைகள் கறைபட்டதெல்லாம் அந்தப் புதர்களில்தான். மாசி பிறந்தால் அந்தப் புதரெல்லாம் காய்ந்து சருகாகும். உடனே பெரியம்மா ஆள் வைத்து, வேலிக்கு அப்பால் ஐந்தாறு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தரையை வெறுமையாக்கிவிடுவார். வனத்துறை காடுகளில் ஆண்டுதோறும் போடுகிற தீத்தடுப்புக் கோடு அதுதான் என்று எனக்குத் தெரிந்தது முப்பது வருஷம் கழித்து. வாரிய சருகை அவர் கொளுத்த மாட்டார். எருக்குழியில் தள்ளி மண் போடுவார். போகிக்குக்கூட அவர் வாசலில் பழைய பாயும் கிழிந்த முறமும்தான் எரியும், அதுவும் பக்கத்தில் நிறைகுடம் வைத்த பிறகு.

1978 பங்குனியில் ஒரு மத்தியானம் அந்தப் புதரில் தீப்பிடித்தது. யாரோ பீடித் துண்டை எறிந்திருக்க வேண்டும். தெருவிலிருந்த பெண்கள் கிணற்றிலிருந்து வேலி வரை வரிசையாக நின்றார்கள். வாளி கைமாறிக்கொண்டே போனது. ஆண்கள் பச்சைப் புங்கங்கிளையை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்து அடித்து அமர்த்தினார்கள். பெரியம்மா நடுவில் நின்று, "காத்து இந்தப் பக்கம் திரும்புது, புள்ளைங்களை உள்ள கூப்பிடு" என்று குரல் கொடுத்தபடி இருந்தார். செதுக்கிய வெறுந்தரை வரை வந்த தீ அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஆறடித் தரைதான் பதினோரு வீடுகளைக் காப்பாற்றியது. அன்றிரவு தெருவில் எல்லோர் கையிலும் கரி; எல்லோர் வீட்டிலும் பெரியம்மா வீட்டு மோர்.

அந்தக் காலத்தை முழுக்கப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அம்மாவின் இடுப்பில் குடம் அழுத்திய காய்ப்பு கடைசி வரை மறையவில்லை. ஐப்பசி மழை முடிந்தால் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் படுப்பார்கள். பாலாற்றுத் தண்ணீர் குழாயில் வந்த நாளில் அம்மா அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டதை நான் மறக்க முடியாது. குழாய் வந்தது நல்லதே. ஆனால் குழாய் வந்ததும் கிணற்றை மறந்தோம், கிணற்றை மறந்ததும் ஏரியை மறந்தோம், அங்கேதான் தவறினோம். பெரியம்மாவின் கிணறு 1994-ல் அடுக்குமாடிக்காக மூடப்பட்டது. போட்ட மண்ணுக்கு மேலே இன்று நான்கு கார்கள் நிற்கின்றன.

அதன் பிறகு எல்லாம் வேகம். புதுச்சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. வரத்துக் கால்வாய்கள் சாக்கடைக் கால்வாய்களாயின. ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்ந்தது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது; அதன் கழிவு நிலத்தடி நீரில் உப்பையும் குரோமியத்தையும் கலந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் அந்தப் பழைய நஞ்சை மண் முழுவதுமாகக் கைவிடவில்லை. தண்ணிக்குக் கால் இருக்கிறது என்று பெரியம்மா சொன்னதை ஒரு வட்டாரமே அனுபவித்துப் பார்த்தது.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு போனது. அடுத்த நான்கு வருஷத்திற்குள் அதே சென்னை காய்ந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. படகில் மீட்கப்பட்ட குடும்பங்கள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றன. மிகுந்ததும் இல்லாமல் போனதும் ஒரே தண்ணீர்தான். நடுவில் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏரிதான் நமக்கு இல்லை.

நெருப்பும் அப்படித்தான் உருமாறியது. 2018 போகியன்று காலையில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை பனியோடு சேர்ந்ததில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயின. அதே ஆண்டு மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போன சென்னைப் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் புகைந்தது. பள்ளிக்கரணைப் பறவைகளும் பக்கத்துக் குடியிருப்புகளும் அதே காற்றைச் சுவாசித்தன. போன கோடையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, காலி மனையில் குவிந்த குப்பைக்கு யாரோ தீ வைக்க, காய்ந்த கோரையில் அது படர்ந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் இருபுறமும் கார்கள் நின்ற தெருவில் திரும்ப முடியவில்லை. வாளி வரிசை நிற்கவில்லை. இருபது கைபேசிகள் படம் எடுத்தன. அன்று நான் பெரியம்மாவை நினைத்து அழுதேன்.

ஆனாலும் நான் நம்பிக்கை இழக்கவில்லை. சிட்லபாக்கம் ஏரியில் மக்களே இறங்கிக் குப்பை வாரியதை நேரில் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் நின்ற அந்த இளைஞர்களிடம் பெரியம்மாவின் பிடிவாதம் இருந்தது. செம்பாக்கம் ஏரியைத் தூர் வாரி உயிர்ப்பித்திருக்கிறார்கள். 2022-ல் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாகி, பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை எல்லாம் ஒரே குடைக்குள் வந்துவிட்டன. ஒரே சங்கிலியில் இருக்கும் ஏரிகளில் பல இப்போது ஒரே நிர்வாகத்தில் இருக்கின்றன. இதைவிட நல்ல வாய்ப்பு நமக்கு இனி வராது.

வீட்டளவில் ஒரு கணக்கு சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் நம் ஊரில் ஒரு வருஷம் பெய்யும் மழை, வீணாவது போக ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியாகக் கணக்கிட்டால் எட்டு லாரி. 2003-ல் அரசு ஆணைக்குப் பயந்து நாம் எல்லோரும் மழைநீர்த் தொட்டி கட்டினோம். சென்ற மாதம் என் வீட்டுத் தொட்டியைத் திறந்தேன். கூழாங்கல்லும் மணலும் இறுகி, அதன்மேல் பால் கவர்கள் படிந்து, ஒரு சொட்டும் கீழே இறங்க வழியில்லாமல் கிடந்தது. மகனும் நானும் ஒரு காலைப்பொழுது முழுக்க மணலை அலசிப் புதிதாகப் போட்டோம். முதல் மழைத் தண்ணீர் சலசலவென்று உள்ளே இறங்கிய சத்தத்தில் எனக்கு ராட்டினச் சத்தம் கேட்டது.

உங்களிடம் நான் கேட்பது பெரியம்மா கேட்டிருக்கக் கூடியதுதான். புரட்டாசி முடிவதற்குள் மழைநீர்த் தொட்டியைத் திறந்து மணலை அலசுங்கள். உங்கள் கூரைத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எண்ணெயையும் பெயின்ட் கழுவிய தண்ணீரையும் மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். மாசியில் உங்கள் மதிலை ஒட்டிய காய்ந்த புல்லைச் செதுக்குங்கள். சருகை எரிக்காமல் மக்க விடுங்கள். வண்டலூர், நன்மங்கலம் காட்டோரம் குடியிருப்பவர்கள் குப்பைக்குத் தீ வைக்கவே வேண்டாம். தீயணைப்பு வண்டி திரும்ப உங்கள் தெருவில் இடம் விடுங்கள். புகை கண்டால் கைபேசியில் முதலில் 101 அழுத்துங்கள். எங்கள் பதினோரு வீட்டுத் தெருவில் இப்போது நூற்று நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வடிகால் வாய்களைச் சுத்தம் செய்யக் கூடுகிறோம். மண்வெட்டி என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் கூடை கொண்டுவந்தால் போதும்.