கிலோ கணக்கில் கடலன்பு

மீன் வளர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஃபைட்டர் மீனை விட்டுத் திருப்தி அடைகிறவர்களை விடுங்கள். வரவேற்பறையில் ஒரு பவளத்திட்டையே எழுப்பிவிடுகிற கடல்நீர்த் தொட்டி அன்பர்தான் போற்றத் தக்கவர். கடல்மேல் அவருக்கு அப்படியொரு காதல். கரையில் நின்று பார்த்துவிட்டுச் சுண்டலோடு வீடு திரும்பும் சாமானியருக்கு அது வாய்க்காது. பெயர்த்தெடுத்து வந்தால்தான் ஆறும் காதல் அது.

அந்தக் காதலின் அஸ்திவாரக் கல்லுக்கு லைவ் ராக் என்று பெயர். செத்த பவளங்களின் சுண்ணாம்புக்கூடுதான்; ஆனால் புரைக்குப் புரை உயிர் குடியிருக்கும். மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியா மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். ஆக்ஸிஜன் எட்டாத உட்புழையில் இருக்கும் இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் இப்படிப்பட்ட கல்லும் கடல்நீரும் காற்றுக்குமிழியும் இருந்தாலே போதும் என்று தொட்டி வைத்துக் காட்டி, 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் எழுதினார். அவர் இருந்த ஊருக்குப் பக்கத்திலேயே கடல். அதில் என்ன சாமர்த்தியம்? கடலே இல்லாத கான்சாஸில் பவளத்திட்டு வைப்பதல்லவா சாமர்த்தியம்!

அமெரிக்கர்களின் மனச்சாட்சியையும் இங்கே பாராட்டியாக வேண்டும். பெயர்த்த பாறை எளிதில் திரும்ப உருவாகாது, மீன்களுக்கு அதுவே வீடு என்று தெரிந்ததும் ஃப்ளோரிடா 1989இல் தன் கடலில் லைவ் ராக் எடுப்பதைத் தடுத்தது. அதற்கு அப்பாலுள்ள நடுவண் அரசின் கடற்பகுதியில் 1997க்குள் அந்த வேலை நின்றது. ஹவாயிலும் எடுக்க முடியாது. பிஜித் தீவின் பாறை திரும்ப உருவாகுமா என்று யாரும் தனியாகக் கேட்காததால், அங்கிருந்து தாராளமாக இறக்கிக்கொண்டார்கள். பிஜிக் கிராமத்தார் நீர் வற்றிய நேரத்தில் திட்டின்மேல் நடந்து, இரும்புக் கம்பியால் நெம்பிக் கல் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் கடையில் விழுந்த விலையில் அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். சொந்தக் கடலைக் காப்பாற்றியாயிற்று, அன்பரின் தொட்டியும் நிறைந்தாயிற்று. ஒரே சட்டத்தில் இரண்டு தர்மம்.

அன்பர் கல்லைத் தேர்ந்தெடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். கேலனுக்கு ஒரு பவுண்டு என்பது பழைய கணக்கு. அதன்படி நூறு கேலன் தொட்டிக்குச் சுமார் 45 கிலோ வேண்டும். கல் பார்வைக்குப் பெரிதாக இருக்க வேண்டும், கையில் கனக்கக் கூடாது, எடைக்குத்தானே காசு! குகையும் வளைவும் வேண்டும். ஊதா நிறப் பாசி படர்ந்திருக்க வேண்டும். மோந்து பார்த்தால் கடல்தான் மணக்க வேண்டும், அழுகல் வாடை கூடாது. கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கட்டிய சுவரிலிருந்து எந்தச் செங்கல்லை உருவினால் அழகாக இருக்கும் என்று இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறவர் வேறு யார்?

அதைவிட மேலானது கல்லைப் பக்குவப்படுத்தும் கலை. உயிருக்காகவே விலை கொடுத்து வாங்கிய கல், ஈரச் செய்தித்தாள் சுற்றி, தண்ணீர் இல்லாத பெட்டியில் விமானமேறி வருகிறது. தண்ணீருக்கும் சேர்த்துச் சரக்குக் கட்டணம் கொடுக்க அன்பர் ஏமாளி அல்லவே. வந்து சேர்வதற்குள் கடற்பஞ்சும் சிப்பியும் பாதி செத்திருக்கும். மீதியை அன்பர் பார்த்துக்கொள்வார். பிளாஸ்டிக் தொட்டியில் உப்புநீர் ஊற்றி, ஹீட்டரும் பம்ப்பும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, இருட்டில் வைக்கிறார். அழுகிய முட்டை நாற்றத்தை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை, சில வாரங்கள், டெஸ்ட் கிட்டும் கையுமாக அவர் காத்திருக்கிறார். இதற்குப் பெயர் க்யூரிங், அதாவது குணப்படுத்துதல். நோயாளி எந்த நோயோடு வந்தார் என்று கேட்பது நாகரிகமில்லை.

இவ்வளவுக்கும் தப்பிப் பிழைத்த பிராணி எதுவும் அன்பரின் கண்ணிலிருந்து தப்பாது. முள்புழுவைக் குறடால் இழுக்கிறார். அய்ப்டேசியா என்னும் சின்ன அனிமோனுக்கு ஊசி போடுகிறார். இரவில் ‘டிக் டிக்’ என்று தட்டும் மான்டிஸ் இறாலின் வளைக்குள் சோடா ஊற்றி அதை வெளியே விரட்டுகிறார். நம் ஊரில் அஜீரணத்துக்குக் குடிக்கும் அதே சோடாதான். எல்லாம் முடிந்து கல் சுத்தமானதும், கடைக்குப் போய் பாட்டிலில் அடைத்த பாக்டீரியாவை வாங்கி வந்து ஊற்றுகிறார். உயிரை இரண்டு முறை விலை கொடுத்து வாங்கும் இந்தத் தாராளம் கர்ணனுக்கே வராது.

அதிவீரர்கள் சிலர் கல்லைக் கொதிக்கவே வைத்துவிடுவார்கள். கல்லில் ஒட்டியிருக்கும், பவளத்துக்கு உறவான ஸோவாந்திட் என்னும் உயிரினங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் இருக்கிறது. ஹவாய்த் தீவான மவுயியில், ஹானா ஊர்க் கொடும்பாசி என்று மக்கள் அஞ்சிய உயிரினத்திலிருந்து 1971இல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து அறிவித்த நஞ்சு அது. ஆவியோடு மூச்சில் ஏறினால் இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல். கல்லைக் கொதிக்கவைத்தோ சுரண்டியோ குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உண்டு. கடலை வீட்டார் நெஞ்சுக்குள்ளேயே கொண்டுசேர்த்த பக்தர்கள்!

ஒப்பிட்டால் நம்மவர்களுக்கு ரசனை போதாது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், கட்டடத்துக்கும் ஆலைக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. 2001இல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, புலிக்கு உள்ள காவலைப் பவளத்துக்கும் கொடுக்க வேண்டிவந்தது. ஆனால் அந்தக் காளவாய்க்காரர் ஒருநாளும் தம்மைக் கடற்காதலர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அந்த நயம் அவருக்குத் தெரியவில்லை.

2017 கடைசியில் பிஜி அரசு பவளமும் லைவ் ராக்கும் ஏற்றுமதி ஆவதை நிறுத்திவிட்டது. அன்பர்கள் துடித்துப்போனார்கள். இந்தத் துடிப்பு தேவையில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலத்தில் வெட்டிய உலர்ந்த சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது. உப்புநீரில் போட்டு, துளி அம்மோனியா காட்டி, ஓரிரு மாதம் பொறுத்தால் பாக்டீரியா அதிலும் குடியேறும். ஊதாப் பாசிக்கு இன்னும் சில மாதம் ஆகும். அப்படிச் செய்கிறவர்களுக்கு இந்த வாழ்த்துரையில் இடமில்லை, மன்னிக்க வேண்டும்.