மறுபடியும் திறந்த காட்சிசாலை

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பேழைக்குள் முதுமக்கள் தாழியும் செப்புக் காசும் இருந்தாக வேண்டும் என்பது நகரவாசிகளின் சம்பிரதாயம். எங்கள் தேனிச் சீமையிலோ, பேரப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கும், சம்பந்தி வீட்டாரிடம் பெருமை பேசுவதற்கும், ஆனால் அவசர காரியம் எதற்கும் நம்பி ஏறாமல் இருப்பதற்கும் உரிய புராதன வஸ்துவாக வெகுகாலம் விளங்கியது மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் ரயிலேயாகும். 1928இல் ஏலக்காயை முன்னிட்டுப் போட்ட பாதை அது. ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏறும் நிதானத்தில், பிரயாணிகள் ஒவ்வொரு பாறையையும் க்ஷேமம் விசாரித்துவிட்டு வரலாம்.

மூடப்படுவது அதற்குப் புதிய அனுபவமன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹிட்லரை முறியடித்ததில் எங்கள் இரும்புக்கும் பங்குண்டு என்று போடிப் பெரியவர்கள் சாதிக்கும்போது, அதை மறுக்கும் அளவுக்கு எனக்குச் சரித்திர ஞானம் கிடையாது. 1950களில்தான் பாதை மீண்டது.

பிறகு 2010ஆம் ஆண்டின் கடைசி நாளோடு, அகலப்பாதை ஆக்குவதற்காக மறுபடியும் நிறுத்தினார்கள். “ரெண்டு வருசத்துல வந்துரும்” என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதால் நானும் சொன்னேன். பாதையோரம் கருவேலம் செழித்தது. 2011இல் பிறந்த பிள்ளைகள் உள்ளூர் ரயிலைக் கண்ணால் காணாமலேயே ஆறாம் வகுப்பை எட்டிவிட்டார்கள்.

கடைசியில் 2022 மே 26 அன்று, 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவான மதுரை–தேனி 75 கிலோமீட்டர்ப் பாதையைப் பிரதம மந்திரி சென்னையிலிருந்தே துவக்கி வைக்க, தேனி ஸ்டேஷனில் ஒரு கும்பாபிஷேகத்துக்கு உரிய ஜனத்திரள் கூடிவிட்டது. மாலை, இனிப்பு, செல்போன் சகிதம் வந்தவர்களில் பெரும்பாலோர் பிரயாணிகள் அல்லர், பார்வையாளர்களே என்பது, வண்டி புறப்பட்ட பிறகும் கூட்டம் குறையாததிலிருந்து தெளிவாயிற்று. காட்சிசாலைக்கு நுழைவுக் கட்டணம் வேண்டுமே. அந்தக் குறையைப் பிளாட்பாரம் டிக்கெட் தீர்த்தது.

பக்தி அதிக நாள் நீடிக்கவில்லை. மதுரைச் சாலை ரயில்வே கேட் மூடும் வழக்கத்தையே மறந்திருந்த ஊரில், அது மறுபடியும் மூட ஆரம்பித்ததும், ரயில் வேண்டுமென்று மனுப் போட்டவர்களே மோட்டார் சைக்கிளில் காத்துக்கொண்டு, “இந்த ரயிலுக்கு நேரங்காலமே இல்லையா?” என்று கடிந்துகொண்டார்கள். அதற்கு நேரங்காலம் உண்டு என்பதுதான் அவர்களுடைய சங்கடம்.

2023 ஜூன் 15 அன்று வண்டி போடி வரை நீண்டபின், கம்பத்திலிருந்து என் பெரியப்பா பஸ் ஏறி அதைப் பார்க்கவென்றே தேனிக்கு வந்தார். இன்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரை நடந்து, ஒரு ஜன்னலில் மூக்கை வைத்து முகர்ந்து, ஏலக்காய் வாசம் இல்லை என்று தீர்ப்பளித்த பிற்பாடு என் பக்கம் திரும்பினார்.

“ஏப்பா, இது கம்பத்துக்கு எப்ப வரும்?”

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப்புக்கு ரயில் வேண்டும் என்ற வெகுநாளைய விண்ணப்பத்தை நினைத்துக்கொண்டு, “கோரிக்கை இருக்கு பெரியப்பா” என்றேன்.

“கோரிக்கையில எத்தன பெட்டி?” என்று கேட்டுவிட்டு, அவர் கம்பம் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.