சோறு முதலில், கணினி கூடவே

கேள்வி: ஏழைப் பிள்ளைக்குச் சோறு முக்கியமா, டேப்லெட் முக்கியமா?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: சோறுதான். வெறும் வரக்காப்பியோடு வந்து, காலைப் பிரார்த்தனையில் கண் இருட்டிச் சாய்கிற பிள்ளைக்கு எந்தத் திரையைக் காட்டி என்ன பயன்? தமிழ்நாட்டில் இது தீர்ந்த வழக்கு. 1956-ல் காமராசரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை.

கேள்வி: மடிக்கணினியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்களாமே?
(தனியார் நிறுவன ஊழியர், கோவை)

பதில்: பெரு நாடு அதைச் செய்தே பார்த்துவிட்டது. நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-ல் அறிவித்த நூறு டாலர் மடிக்கணினித் திட்டத்தில், வேறெந்த நாட்டையும்விட அதிகமாக, 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் கொஞ்சம் கூடியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை. பெட்டி வந்தது, பாடம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் மற்ற வசதியெல்லாம் வந்த பிறகுதான் என் மகளுக்குக் கணினியா?
(ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: கூடவே கூடாது! அதற்குள் உங்களுக்குப் பேத்தியே பிறந்துவிடும். 2020-ல் பள்ளிகள் மூடியபோது என்ன நடந்தது? செல்போன் இல்லாத பல வீடுகளில் படிப்பே நின்றது. அப்போது சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குப் போயின. கல்வித் தொலைக்காட்சியில் பாடமும் ஓடியது. இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. எட்டரை மணிக்குப் பொங்கல் போட்ட பள்ளியில் பத்து மணிக்குக் கணினி வகுப்பு நடத்தலாமே! பணம் ஒன்றுக்குத்தான் என்ற நிலை வந்தால் மட்டும் வரிசை பார்க்க வேண்டும்: சோறு, தண்ணீர், கழிப்பறை, ஆசிரியர், அப்புறம் கணினி.

கேள்வி: கழிப்பறைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கேளுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கே வரமாட்டாள். அந்தத் தாழ்ப்பாளின் வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

கேள்வி: எங்கள் பள்ளிக்குக் கணினிகள் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். வாங்கலாமா?
(தலைமையாசிரியை, சிவகங்கை)

பதில்: தாராளமாக வாங்குங்கள் அம்மா. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? பழுதானால் யார் செலவு? டீச்சர்களுக்கு யார் சொல்லித்தருவார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால், ‘உடைந்தால் யார் பொறுப்பு’ என்ற பயத்தில் எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். பதில் கிடைத்ததா? பீரோவைப் பூட்டாதீர்கள். பிள்ளைகள் கை பட்டுத் தேயட்டும், உடைந்தால் சரிசெய்துகொள்ளலாம்.